வீட்டுக்குள் வந்த வெள்ளித் திரை!

காஞ்சிபுரம் கடைத்தெரு. மாலை நேரம். டி.வி. கடையில் இருபது படங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இருபது திரையிலும் ஒரே மயில், ஒரே தோகை!

ஒரு குடும்பம் உள்ளே நுழைகிறது. அப்பா பட்டு நெசவாளர். அம்மா இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கூடவே பள்ளிக்கூடத்துப் பையன். பின்னால் மெல்ல நடந்து வருகிறார் பாட்டி.

"வாங்கண்ணா, வாங்க! 55 இஞ்சு பாருங்க. வீடே தியேட்டர் ஆயிடும்!" என்கிறார் கடைக்காரர்.

பையன் கண் விரிகிறது. அப்பா விலைச் சீட்டைப் பார்க்கிறார். அம்மா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. கையால் அகலத்தை அளக்கிறார்.

"ஏங்க, இதை எங்கே வைக்கிறது? தறியைத் தூக்கித் தெருவிலே போடறதா?" என்கிறார்.

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. நெசவாளர் தெருக்களில் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற கதை. டி.வி. வாங்குவது எளிது. அதற்கு இடம் கண்டுபிடிப்பதுதான் கடினம். பட்டு நெசவாளர் வீட்டில் நல்ல இடத்தை எல்லாம் தறி பிடித்துக் கொண்டிருக்கிறது. சோறு போடுவதும் அந்தத் தறிதான்!

என்ன செய்வது? எதைப் பார்த்து வாங்குவது? எதன் மீது வைப்பது?

அண்ணாவும் டெலிவிஷனும்

முதலில் கொஞ்சம் பழைய கதை.

1926-ம் ஆண்டு லண்டனில் ஜான் லோகி பேர்டு என்பவர் டெலிவிஷனை அறிஞர்களுக்குக் காட்டினார். இந்தியாவுக்கு அது வர 33 ஆண்டுகள் ஆயின. 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி டெல்லியில் டெலிவிஷன் தொடங்கியது.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். அண்ணா காஞ்சிபுரத்தில் பிறந்தது 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அவருக்குச் சரியாக 50 வயது நிறைந்த அன்று இந்தியாவில் டெலிவிஷன் பிறந்தது!

சென்னை நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந் தேதி தொடங்கியது. அந்தக் காலத்தில் டி.வி. இருந்த வீடுதான் தெருவுக்கே கொட்டகை. வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்" வந்தால் திண்ணை நிரம்பிவிடும். பெட்டிக்கு மரக் கதவு உண்டு. சில வீடுகளில் பூட்டும் உண்டு!

1982-ல் வண்ணம் வந்தது. 2006-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசு இலவச வண்ண டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011-க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. குடிசையிலும் டி.வி. ஒளிர்ந்தது.

அந்தப் பெட்டிக்கு முன்னே முகம், பின்னே முதுகு. முதுகு பெரிது. மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார்கள். மேலே ஒரு துணி. துணிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டு. அதோடு வேலை முடிந்தது.

இப்போது முதுகு போய்விட்டது. முகம் மட்டும் இருக்கிறது. முகமோ பெரிதாகிக்கொண்டே போகிறது!

சேலை அளவு கணக்கு

43 அங்குலம், 55 அங்குலம் என்கிறார்களே, அது என்ன?

அது அகலம் அல்ல. உயரமும் அல்ல. ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்த அளவு.

32 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 28 அங்குலம். 43 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 37½ அங்குலம். 55 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 48 அங்குலம். அதாவது நான்கு அடி. ஏறக்குறைய ஒரு பட்டுச் சேலையின் அகலம்!

ஆகவே, காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அளவு நாடா தேவை இல்லை. சேலையைச் சுவரில் பிடித்துப் பார்த்தால் போதும். 55 அங்குலம் எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. பழைய செய்தித்தாள்களை டி.வி. அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். கதவு இடிக்கிறதா, அலமாரி திறக்கிறதா, தறிக்குப் போகிற வழி மறிக்கிறதா என்பது தானே தெரியும். செலவு ஒரு காசு இல்லை!

எவ்வளவு தூரத்தில் உட்காருவது?

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. டி.வி. எத்தனை அங்குலமோ, அதைப் போல் ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி உட்கார வேண்டும். இரண்டரை மடங்குக்கு மேல் போனால் எழுத்துகள் சிறிதாகத் தெரியும்.

32 அங்குலத்துக்கு 4 அடி முதல் 6½ அடி வரை. 43 அங்குலத்துக்கு 5½ அடி முதல் 9 அடி வரை. 55 அங்குலத்துக்கு 7 அடி முதல் 11½ அடி வரை.

நெசவாளர் வீடுகள் பல நீளமானவை, அகலம் குறைந்தவை. கூடத்தின் அகலம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். டி.வி. மேஜைக்கு ஒன்றேகால் அடி போயிற்று. எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்காருபவர்களுக்கு ஒன்றரை அடி போயிற்று. மீதி சுமார் 7 அடி. 43 அங்குலத்துக்கு அது தாராளம். 55 அங்குலத்துக்கு இழுபறி.

தறி பாதி இடத்தை எடுத்துக்கொண்டு 5 அடிதான் மிச்சம் என்றால்? 32 அங்குலம்தான் கண்ணுக்கு இதம். பெரிய டி.வி. வாங்கிவிட்டுக் கிரிக்கெட் பந்தைத் தேடக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்!

கடை வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும்

பட்டு எடுக்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். கடை விளக்கில் எல்லாச் சிவப்பும் நல்ல சிவப்பு!

டி.வி.க்கும் அதே புத்தி வேண்டும். கடையில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஓடுவதும் அதற்கென்றே எடுத்த படம். மயில், அருவி, மாம்பழம். அதைப் பார்த்து மயங்கக் கூடாது.

"நாங்க வீட்டிலே பார்க்கிற கேபிள் சேனலைப் போடுங்க" என்று கேளுங்கள். வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் உண்மை நிறம் தெரியும்.

திரையில் உள்ள படம் எல்லாம் புள்ளிகளால் ஆனது. பட்டில் இழை எப்படியோ, டி.வி.யில் புள்ளி அப்படி. சாதாரண எச்.டி. என்றால் சுமார் 10 லட்சம் புள்ளிகள். முழு எச்.டி. என்றால் சுமார் 20 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம்.

புள்ளி கூடினால் படம் நயமாக இருக்கும். ஆனால் வருகிற படமும் நயமாக இருக்க வேண்டுமே! பழைய தரத்தில் வரும் கேபிள் சேனலை 55 அங்குல 4கே திரையில் போட்டால், மெல்லிய துணியை இழுத்துப் பிடித்தது போல் இருக்கும்.

எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று பல பெயர் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். எல்.இ.டி. என்றால் கண்ணாடித் திரைக்குப் பின்னால் சிறு விளக்குகள் எரிகின்றன. கியூ.எல்.இ.டி.யும் அதே இனம். நிறத்தைக் கூட்ட ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள். ஓ.எல்.இ.டி. வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். விலையும் நல்ல விலை! நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனலை ஓடவிட்டால் அதில் தடம் விழவும் கூடும்.

நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல எல்.இ.டி. போதும்.

பாய்க்கு ஏற்ற மேஜை

டி.வி. முடிந்தது. இனி மேஜை.

கடைகளில் விற்கிற டி.வி. ஸ்டாண்டுகள் பல, சோபாவில் உட்காருகிறவர்களை நினைத்துச் செய்தவை. காஞ்சிபுரத்து வீட்டில் யார் சோபாவில் உட்காருகிறார்கள்? பாய் விரித்துத் தரையில் உட்காருகிறார்கள். பாட்டிக்கு மட்டும் ஒரு நாற்காலி.

தரையில் உட்காரும்போது கண்ணின் உயரம் சுமார் இரண்டரை அடி. நாற்காலியில் சுமார் மூன்றரை அடி. படத்தின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக இருப்பது நல்லது. ஆகவே, 43 அங்குல டி.வி.க்கு ஒன்றரை அடி உயர மேஜையே போதும். பாட்டிக்காக இரண்டு அடி வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால், மூன்று மணி நேரப் படம் முடிவதற்குள் கழுத்து முடிந்துவிடும்!

மேஜையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். பல டி.வி.களுக்கு இரண்டு ஓரத்திலும் கால் இருக்கிறது. பழைய ஸ்டூலில் அது நிற்காது. மேஜை டி.வி.யை விட இரண்டு பக்கமும் அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும்.

பலகை எது? மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலை குறைவு. ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுகிற ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்? பிளைவுட் அதை விட மேல். தேக்கு, வேம்பு போன்ற மரம் என்றால் பேரன் காலம் வரை இருக்கும். எதுவானாலும், தரையில் இருந்து நான்கு அங்குலம் தூக்கி நிற்கும் கால் இருக்கட்டும். தண்ணீரும் படாது, துடைப்பமும் உள்ளே போகும்.

உள்ளூர்த் தச்சரிடம் அளவு சொல்லிச் செய்தால், கீழே ஓர் இழுப்பறையும் வைத்துக்கொள்ளலாம். டி.வி. பார்க்காத நேரத்தில் பையனுக்குப் புத்தகம் வைக்க இடம்!

சோபா செட் வேண்டுமா? மூவர் உட்காரும் சோபா சுமார் ஆறு அடி நீளம், மூன்று அடி ஆழம். 10 அடிக் கூடத்தில் அதைப் போட்டால், மனிதர் நடக்க வழி இருக்காது. மடக்கு நாற்காலி இரண்டு, பாய் நான்கு. விருந்தாளி வந்தால் விரிக்கலாம், போனால் சுருட்டலாம். இது தாத்தா காலத்து யோசனை. இன்றைக்கும் இதை விட நல்ல யோசனை வரவில்லை!

குழந்தை இருக்கும் வீடா?

இதைக் கவனமாகப் படியுங்கள்.

பழைய பெட்டி கனம்.  புதிய டி.வி. இலேசு. 43 அங்குலமே பத்து கிலோவுக்குள் இருக்கும். முன்னால் தள்ளினால் சாய்ந்துவிடும். இரண்டு வயதுக் குழந்தை மேஜை விளிம்பைப் பிடித்து ஏறும். திரையில் தெரியும் நாய்க்குட்டியைப் பிடிக்க இழுக்கும். டி.வி. குழந்தையின் மேல் விழும். உலகம் முழுவதும் குழந்தைகள் இப்படி அடிபட்டிருக்கிறார்கள், இறந்தும் இருக்கிறார்கள்.

தடுப்பது எளிது. டி.வி.யின் பின்பக்கத்தில் திருகு துளைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பட்டையைப் பிணைத்துச் சுவரில் கட்டிவிட வேண்டும். மேஜையையும் சுவரோடு பிணைக்க வேண்டும். ரிமோட்டையும் பொம்மையையும் டி.வி. மேலே வைக்கக் கூடாது. அதை எடுக்கத்தான் குழந்தை ஏறும்.

சுவரில் மாட்டினால் இந்தப் பயம் குறையும். ஆனால் சுவர் எப்படிப்பட்டது? செங்கல் சிமெண்டுச் சுவர் தாங்கும். பழைய மண்சுவர், உதிர்கிற சுண்ணாம்புச் சுவர் தாங்காது. விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஓசை வந்தால் மேஜைதான் நல்லது. மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரும் ஆகாது.

மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்துச் செருகாதீர்கள். இடி மின்னல் வந்தால் பிளக்கையும் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

தறிக்கு நேரே வேண்டாம்!

எந்தச் சுவர்? இதுதான் பெரிய கேள்வி.

வாசலுக்கு எதிரே வைத்தால், திரையில் தெருவில் போகும் சைக்கிள் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரே நல்லது.

இன்னொன்று. தறியில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேரே டி.வி. வேண்டவே வேண்டாம். காது பாட்டுக் கேட்கட்டும். அது வேலைக்குத் துணை. கண் பாவில் இருக்க வேண்டும். ஓர் இழை அறுந்ததைப் பார்க்காமல் விட்டால் சேலையில் பழுது. பழுது என்றால் கூலியில் பிடித்தம். ஆகவே, தறிக்காரரின் முதுகுப் பக்கம் டி.வி. இருக்கட்டும்!

பட்டும் சரிகையும் இருக்கிற இடத்தில் சோபா, திரைச்சீலை என்று தூசி சேர்க்கிற சாமான்களைக் குவிப்பதும் நல்லதல்ல.

தவணை என்னும் தறிக்குழி

கடைக்காரர் சொல்கிறார்: "கையிலே காசு வேண்டாம்ணா. வட்டி இல்லாத் தவணை. இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போங்க!"

வட்டி இல்லாமல் கடன் கொடுப்பவர் யார்? 2013-ம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி இந்தப் பேச்சை வங்கிகளிடம் கண்டித்தது. வட்டி வேறு பெயரில் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதே அதன் கருத்து.

ஓர் உதாரணம். டி.வி. விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கம் கொடுத்தால் 27,000-க்குத் தருகிறார்கள். தவணை என்றால் மாதம் 3,000 வீதம் பத்து மாதம். அதோடு எழுத்துக் கூலி 500. ஆக மொத்தம் 30,500. ரொக்க விலையை விட 3,500 ரூபாய் அதிகம். அந்த 3,500 ரூபாய்தான் வட்டி!

"ரொக்கம் என்றால் என்ன விலை? தவணை என்றால் எல்லாம் சேர்த்து என்ன விலை?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்டால் போதும்.

நெசவாளருக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய தள்ளுபடி எல்லாம் தீபாவளிக்கு வருகிறது. தீபாவளியோடு மழையும் வருகிறது. மழை பெய்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும். வேலை நிற்கும். கூலியும் நிற்கும். தவணை மட்டும் நிற்காது!

விலையைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதமாக இருந்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. பில் வாங்கும்போது வரியைப் பாருங்கள். வாரண்டிச் சீட்டில் தேதியும் முத்திரையும் இருக்கட்டும்.

மின்சாரச் செலவு? 43 அங்குல டி.வி. சுமார் 80 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். நட்சத்திரம் கூடினால் செலவு குறையும்.

பழைய பெட்டியை உடைக்காதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். அல்லது கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாட்டி சொன்ன தீர்ப்பு

கடையில் நின்ற குடும்பம் என்ன செய்தது?

பையனுக்கு 55 அங்குலம் வேண்டும். அப்பா 32 போதும் என்கிறார். அம்மாவுக்கு மேஜைக் கவலை. எல்லோரும் பாட்டியைப் பார்த்தார்கள்.

பாட்டிக்கு டி.வி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது அத்தி வரதர். 1979-ல் வரதராஜப் பெருமாள் கோவிலில் அவர் வரிசையில் நின்று தரிசித்தார். 40 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள் மறுபடியும் தரிசனம் நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் வந்தார்கள். பாட்டியால் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. கோவில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் வீட்டில், சின்னப் பெட்டியில் பார்த்தார். அடுத்த தரிசனம் 2059-ல்!

"பெருமாள் அன்னிக்குக் கட்டை விரல் அளவுதான் தெரிஞ்சார். கொஞ்சம் பெரிசா வாங்குப்பா. ஆனா, தறி இருக்கிற இடத்திலே தறி இருக்கட்டும்" என்றார் பாட்டி.

தீர்ப்பு முடிந்தது. 43 அங்குலம். தவணை இல்லை. தறியில் இருக்கிற பாவு முடிந்து, கூலி கைக்கு வந்ததும் ரொக்கமாக எடுப்பது. அதற்குள் தச்சரிடம் ஒன்றரை அடி மேஜைக்குச் சொல்லிவிடுவது.

பையனுக்கு முகம் வாடியது. அம்மா அவன் தலையைத் தடவினார். "செய்தித்தாளைச் சுவரிலே ஒட்டிப் பார்க்கிற வேலை உனக்குத்தான்" என்றார். முகம் மலர்ந்தது!

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். சுவருக்குத் தகுந்த டி.வி. வேண்டும். பாய்க்குத் தகுந்த மேஜை வேண்டும். கூலிக்குத் தகுந்த விலை வேண்டும்.

தறி ஓடட்டும். அந்த ஓசை நிற்காத வீட்டில், டி.வி.யும் நிம்மதியாகப் பாடும்!